மண்ணுக்குப் போர்வை: மூடுகொடிகளை விதையிட்டு வளர்க்கும் முறை

பழைய ரப்பர் மரங்களை வீழ்த்திவிட்டு மறுநடவு செய்யும் நிலங்களில், ஒட்டுக்கன்று குழியில் இறங்கும் முன்னரே தொடங்கிவிட வேண்டிய வேலை ஒன்று உண்டு. நிரைகளுக்கு இடையே வெறுமையாய்க் கிடக்கும் மண்ணை மூடுகொடிகளால் போர்த்துவதே அது. கன்று நடுதல், உரமிடுதல், களையெடுத்தல் ஆகியவற்றைப் பற்றி நம் தொழிலாளர்கள் நன்கு அறிவர். ஆனால் மூடுகொடி விதைப்பு மட்டும், 'கையால் இறைத்துவிட்டு வந்தால் தானே முளைக்கும்' என்ற எண்ணத்தோடு அவசர வேலையாகவே பல இடங்களில் நடைபெறுகிறது. அவ்வாறு இறைத்த விதையில் பெரும்பகுதி முளைப்பதில்லை. முளைக்காத இடத்தை லாலான் புல் பிடித்துக்கொள்கிறது. அதன் பிறகு ஆண்டுக்கணக்கில் மண்வெட்டியும் மருந்துத் தோம்பும் சுமக்க வேண்டியவர்கள் யார் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

தோட்டங்களில் வேலை செய்வோருக்கு மட்டுமன்றி, சொந்தமாகச் சிறிதளவு நிலத்தில் ரப்பர் வைத்திருப்போருக்கும் இப்பாடம் பயன்படும். இன்று நம் நாட்டு ரப்பரின் மிகப் பெரும் பங்கு சிறுதோட்டக்காரர்களிடமிருந்தே வருகிறது.

வெறும் மண்ணும் அது தந்த பாடமும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாத் தோட்டங்களில், மரத்தைத் தவிர வேறொரு பச்சையும் நிலத்தில் தெரியலாகாது என்பதே நல்ல நிர்வாகத்தின் அடையாளமாகக் கருதப்பட்டது. தமிழகத்திலிருந்து வந்த நம் முன்னோர் அணியணியாய் மண்வெட்டியோடு நின்று, முளைத்த புல்லையெல்லாம் சுரண்டி எடுத்தனர். நிலம் கூட்டிப் பெருக்கிய முற்றம் போல் விளங்கியது. ஆனால் நம் நாட்டு மழையோ ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேற்பட்டது. அதுவும் தூறலாய்ப் பெய்வதன்று, கொட்டித் தீர்ப்பது. மறைப்பில்லாத சரிவுகளில் விழுந்த மழை மேல்மண்ணை அரித்து ஆறுகளில் சேர்த்தது. மரத்தின் பக்கவேர்கள் வெளியே தெரியுமளவுக்கு மண் கரைந்த மேடுகள் பல. அத்தனை பேர் வெயிலில் நின்று செய்த கடும் உழைப்பு, தோட்டத்தின் செல்வத்தையே கழுவி அனுப்புவதற்குத் துணைபோயிற்று என்பது வருந்தத்தக்க உண்மை.

1925ஆம் ஆண்டில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் நிறுவப்பட்ட பின்னர் இவ்வழக்கம் தீர ஆராயப்பட்டது. மண்ணை வெறுமையாய் விடுதல் தீது என்பதும், எந்தப் பச்சையாயினும் சரி என்று விட்டுவிடுவதும் நன்றன்று என்பதும் படிப்படியாகத் தெளிவாயின. அவரை இனத்தைச் சேர்ந்த படர்கொடிகளே இளம் ரப்பருக்கு ஏற்ற துணை என்ற முடிவுக்கு ஆய்வாளர் வந்தனர். அக்கழகத்தின் பணிகள் 1998 முதல் மலேசிய ரப்பர் வாரியத்தின் பொறுப்பில் நடைபெறுகின்றன.

'கொடியும் புல்லும் ஒன்றுதானே ஐயா, இரண்டும் மரத்தின் உணவைத்தானே உண்கின்றன?' என்று கேட்போர் உளர். கேள்வி நியாயமானதே. புல் மண்ணிலிருந்து எடுத்துக்கொள்கிறது. திருப்பிக் கொடுப்பது குறைவு. அவரை இனக் கொடியோ காற்றிலிருந்து எடுத்து மண்ணுக்குக் கொடுக்கிறது. நாம் சுவாசிக்கும் காற்றில் ஐந்தில் நான்கு பங்குக்குச் சற்றுக் குறைவாக நைட்ரஜன் எனும் தழைச்சத்து இருக்கிறது. ஆயினும் மரத்தால் அதை நேராக உட்கொள்ள இயலாது. அவரைக் கொடியின் வேரில் சிறு சிறு முடிச்சுகள் உண்டு. அவற்றுள் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் காற்றின் தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்கு உணவாக்கித் தருகின்றன. 1886ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர்களான ஹெல்ரீகலும் வில்பார்த்தும் இதனை மெய்ப்பித்துக் காட்டினர். காரணம் அறியாமலே பயனை அறிந்திருந்தவர்கள் நம் உழவர்கள். நெல் வயலில் கொளுஞ்சியும் சணப்பும் வளர்த்து மடக்கி உழுததன் பொருள் இதுதான்.

நன்றாய்ப் படர்ந்த மூடுகொடி, முதல் ஐந்தாண்டுகளில் சராசரியாக எக்டேருக்கு ஆண்டொன்றுக்குச் சுமார் 150 கிலோ தழைச்சத்தைச் சேர்க்கும் என்று நம் நாட்டில் நடந்த ஆய்வுகள் கணித்துள்ளன. யூரியா உரத்தில் நூற்றுக்கு 46 பங்கே தழைச்சத்து. அக்கணக்கில் பார்த்தால், 50 கிலோ மூட்டைகளாக ஆறரை மூட்டை யூரியாவை ஆண்டுதோறும் எவரும் சுமக்காமலே நிலம் பெறுகிறது. கொடி நிறைந்த நிலத்தில் கன்றுகள் விரைவாய்ப் பருக்கின்றன. ரப்பர் மரத்தின் சுற்றளவு 45 முதல் 50 செண்டிமீட்டரை எட்டினால்தான் வெட்டுக்குத் தயார் என்று கொள்கிறோம். புல்லும் மைக்கேனியாவும் மண்டிய நிலத்தோடு ஒப்பிடுகையில், நல்ல மூடுகொடி வளர்ந்த நிலத்தில் அந்த நாள் பல மாதங்கள் முன்னதாகவே வருகிறது. பால் இறங்காத அந்த மாதங்கள் சிறுதோட்டக்காரர் குடும்பத்திற்கு எத்தகையவை என்பதை அனுபவித்தவரே அறிவர்.

இன்னொரு நன்மையும் உண்டு. அதனை நாம் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். தோட்டங்களில் மருந்தடிக்கும் வேலை பெரும்பாலும் பெண்களின் தோளிலேயே விழுந்து வந்திருக்கிறது. பாராகுவாட் எனும் களைக்கொல்லி உள்ளே சென்றுவிட்டால் அதற்கு மாற்று மருந்தே கிடையாது. நம் நாட்டில் 2002ஆம் ஆண்டில் அதற்குத் தடை அறிவிக்கப்பட்டு, 2006இல் தளர்த்தப்பட்டு, 2020 ஜனவரி 1 முதல் முற்றாகத் தடை செய்யப்பட்டது. இடைப்பட்ட அத்தனை ஆண்டுகளும் கைகளும் நகங்களும் கண்களும் புண்பட்டது நம் சகோதரிகளுக்கே. பிற களைக்கொல்லிகள் இன்றும் புழக்கத்தில் உள்ளன. அவையும் எச்சரிக்கையோடு கையாளத்தக்கவையே. கொடி சீராய் மூடிய நிலத்திலோ களைக்கு இடமில்லை; மரத்தைச் சுற்றிய வட்டத்தைத் தவிர மற்ற இடத்தில் மருந்துக்கு வேலையும் இல்லை. லாலானுக்கு நிழல் ஆகாது. அதன் அடித்தண்டின் ஒரு துண்டு மண்ணில் தங்கினாலும் மீண்டும் முளைக்கும். ஆனால் தடித்த கொடிப்போர்வையின் கீழே அது மெலிந்து ஒடுங்கும். காய்ந்த லாலானில் பற்றும் தீயினால் இளந்தோட்டங்கள் கருகும் அபாயமும் அத்துடன் நீங்கும்.

எந்தக் கொடி?

நெடுங்காலமாகச் சேர்த்து விதைக்கப்படுபவை மூன்று. கலப்போகோனியம் முதலாவது. தண்டிலும் காயிலும் பழுப்பு நிற மயிர் அடர்ந்திருக்கும். பூ சிறியது, நீலம். இது மிக வேகமாக ஓடி நிலத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் ஓராண்டு, ஒன்றரை ஆண்டில் ஓய்ந்துவிடும். இரண்டாவது சென்ட்ரோசீமா. அதன் பூ நம் வீட்டு வேலியில் பூக்கும் சங்குப்பூவை ஒத்தது; வெளிர் ஊதா நிறம். மெதுவாய்த் தொடங்கினும் வறட்சியையும் ஓரளவு நிழலையும் தாங்கும். மூன்றாவது பியூராரியா. மூன்று இலைகளாய்ப் பிரிந்த பெரிய தழை, ஊதாப் பூங்கொத்து, மெல்லிய கருங்காய். கலப்போகோனியம் விட்ட இடத்தைப் பிடித்து, மரநிழல் கவியும் வரை நிலத்தை ஆள்வது இதுவே. ரப்பர் மரமும் சென்ட்ரோசீமாவும் கலப்போகோனியமும் அமெரிக்கக் கண்டத்து வெப்பநாடுகளிலிருந்து வந்த விருந்தாளிகள். பியூராரியா மட்டுமே இவற்றுள் நம் தென்கிழக்காசியாவுக்கு உரிய பிள்ளை.

ஒன்று ஓட, ஒன்று நிற்க, ஒன்று நிலைக்க என்ற வகையில் மூன்றையும் கலந்து விதைப்பதே சிறப்பு. விதைக் கலவையின் விகிதம் நிலத்துக்கு நிலம் மாறும். ரிஸ்டா அலுவலரையோ தோட்டத்து வேளாண் அலுவலரையோ கேட்டறிதல் நலம்.

இவற்றைத் தவிர முகூனா எனும் கொடியும் அண்மைக் காலத்தில் பரவியுள்ளது. இந்தியாவின் வடகிழக்குப் பகுதிக்கு உரிய இக்கொடி, கேரள ரப்பர் தோட்டங்களில் பெயர் பெற்று, 1990களில் நம் நாட்டிற்கு வந்தது. செழிப்பில் இதற்கு நிகரில்லை. ஆனால் நம் தாழ்நிலங்களில் இது பெரும்பாலும் விதை கொடுப்பதில்லை; விதையை வெளியிலிருந்தே தருவிக்க வேண்டும். மேலும், அடிக்கடி வந்து பார்த்துக்கொள்ள ஆளில்லாத நிலத்தில், சில வாரங்களில் இளங்கன்றின் மீதேறி அதை மூடிவிடும். சிறுதோட்டக்காரருக்கு நாம் இதனைப் பரிந்துரைக்கத் தயங்குகிறோம்.

மைக்கேனியா என்ற கொடியும் பசுமையாய் மூடுகிறதே என்று அதை விட்டுவைப்போர் சிலர். அது அவரை இனமன்று. வேரில் முடிச்சும் கிடையாது. ரப்பரின் வளர்ச்சியை அது தடுக்கிறது என்பது ஆராய்ச்சியில் கண்ட உண்மை. கண்டவுடன் களைதல் வேண்டும்.

உறங்கும் விதையை எழுப்புதல்

இப்பாடத்தின் உயிர்நிலை இதுவே. அவரை இனக் காட்டுக்கொடிகளின் விதைத்தோல் கடினமானது, நீர் உட்புகாது. காட்டில் வாழும் செடிக்கு அது ஒரு பாதுகாப்பு. ஒரே மழையில் எல்லா விதையும் முளைத்து, அடுத்த வெயிலில் எல்லாம் மடிந்துவிடாதபடி, கொஞ்சம் இன்று, கொஞ்சம் அடுத்த மாதம், கொஞ்சம் மறு ஆண்டு என்று இயற்கை பங்கிட்டு வைத்திருக்கிறது. நமக்கோ எல்லாம் ஒன்றாய் முளைத்தாக வேண்டும்.

ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். பியூராரியா விதை கிலோவுக்கு ஏறத்தாழ 80,000 இருக்கும். எக்டேருக்கு 4 கிலோ விதைத்தால் 3,20,000 விதைகள். அதாவது ஒரு சதுர மீட்டருக்கு 32. இவற்றில் பத்தில் ஒன்றே முளைக்குமானால் சதுர மீட்டருக்கு மூன்று செடிதான். மூன்று செடி லாலானை வெல்லாது. விதைக்குக் கொடுத்த பணம் மண்ணில் உறங்கும். களை எடுக்கும் கூலி மேலே ஏறும்.

விதையை எழுப்ப எளிய வழி வெந்நீர். இரண்டு பங்கு கொதிநீருக்கு ஒரு பங்கு பச்சைத் தண்ணீர் கலந்தால் சூடு சுமார் 75 பாகை இருக்கும், வெப்பமானி தேவையில்லை. விதையைத் தளர்வான துணிப்பையில் கட்டி ஒரு வாளியில் வைத்து, விதையின் அளவைப்போல் நான்கைந்து மடங்கு இந்நீரை ஊற்றி, அப்படியே ஆறவிட வேண்டும். வாளியை அடுப்பின்மேல் வைத்துச் சூடு காட்டலாகாது, விதை வெந்துவிடும். மாலையில் ஊறவைத்துக் காலையில் எடுத்தல் தோட்ட வேலைக்கு வசதியானது. அதற்கு மேலும் நீரில் கிடந்தால் விதை அழுகத் தொடங்கும்.

காலையில் பையை அவிழ்த்தால், நீர் குடித்த விதை உப்பிப் பெருத்திருப்பதையும், குடிக்காத விதை முன்போலவே சிறுத்துக் கடினமாய் இருப்பதையும் காணலாம். பொருத்தமான சல்லடையில் இட்டுச் சலித்தால் சிறுத்தவை கீழே விழும். அவற்றை எறிந்துவிடாமல், அன்று மாலையே இன்னொரு முறை வெந்நீரில் இடலாம். இந்தச் சல்லடை வேலைக்கு அரை மணி நேரம் போதும். ஆனால் இதைச் செய்பவரை நாம் அரிதாகவே காண்கிறோம்.

விதையைச் சொரசொரப்பான மணலோடு சேர்த்துத் தேய்த்துத் தோலைக் கீறுதலும் ஒரு முறை. அடர்கந்தக அமிலத்தில் சில நிமிடங்கள் இட்டுக் கழுவும் முறை பெரிய தோட்டங்களில் கையாளப்பட்டு வந்தது. பலன் மிகுதிதான், ஆனால் அது பால் உறையவிடும் அமிலத்தைப் போலன்று. ஒரு துளி பட்டாலும் தோலைத் தின்றுவிடும். அமிலத்தின்மேல் நீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். பயிற்சியும் கையுறையும் கண்காப்பும் இல்லாதோர், குறிப்பாக வீட்டில், இதனை அணுகவே கூடாது.

எந்த முறையைக் கையாண்டாலும், மொத்த விதையையும் நேர்த்தி செய்யும் முன்னர் நூறு விதையை எடுத்துச் சோதித்தல் அறிவுடைமை. நேர்த்தி செய்த நூறு விதையை ஈரத்துணியில் பரப்பிச் சுருட்டி நிழலில் வைத்து, ஒரு வாரம் ஈரம் காயாமல் காத்து, முளைத்தவற்றை எண்ணினால் விதையின் தரம் தெரிந்துவிடும். பள்ளிப் பிள்ளைகள் இதனை விருப்பத்தோடு செய்வார்கள். பாதிக்கும் குறைவாக முளைத்தால் விதை பழையது. கூடுதல் விதை வாங்க வேண்டும், அல்லது விற்றவரிடம் திரும்பிப் போக வேண்டும்.

விதைப்பும் முதல் நான்கு மாதங்களும்

நீரை வடித்து, விதையை நிழலில் ஈரம் உலர விட்டு, அன்றே விதைத்துவிட வேண்டும். வேர்முடிச்சு நுண்ணுயிர்ப் பொடி கிடைக்குமானால், விதை நன்கு ஆறிய பின்னரே கலக்க வேண்டும். சூட்டிலும் வெயிலிலும் நுண்ணுயிர் மடிந்துபோகும். பொடி கிடைக்காத இடத்தில், செழித்து வளர்ந்த பழைய கொடியின் அடிமண்ணைச் சிறிது எடுத்து விதையோடு பிசைந்துகொள்ளுதல் முன்னாளைய வழக்கம். அதுவும் நற்பலன் தருவதே. பியூராரியாவும் கலப்போகோனியமும் மண்ணில் இயல்பாய் உள்ள நுண்ணுயிர்களோடு இணங்கிப்போகும். சென்ட்ரோசீமா சற்றுத் தேர்ந்தெடுக்கும் குணமுடையது. அதற்கு இவ்வுதவி மிகவும் தேவை. கடைசியாகப் பாறைப் பாஸ்பேட் மாவை விதையின் எடைக்குச் சம எடையில் கலந்தால் விதைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் கையிலிருந்து சீராய் விழும். நம் மண்ணில் குறைவாயுள்ள மணிச்சத்தும் முளைக்கு அருகிலேயே கிடைக்கும். வேறு இரசாயன உரங்களோடு விதையைக் கலத்தல் கூடாது.

மழை தொடங்கும் பருவமே விதைப்புக்கு உரியது. மேற்குக் கரை மாநிலங்களில் ஏப்ரலையும் அக்டோபரையும் ஒட்டிய வாரங்கள் ஏற்றவை. நிலத்தில் லாலான் இருந்தால் அதை முதலில் ஒழித்தாக வேண்டும். லாலானின் மேல் விதை தூவுவது விதையை வீணாக்குவதே. வெட்டிய மரங்களைத் தீயிட்டு எரித்து நிலம் திருத்தும் பழைய வழக்கம் இன்று சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளது. துண்டாக்கி நிரையிடையே அடுக்கி மட்கவிடுகிறார்கள். அவ்வடுக்குகளின் மேல் கொடி படர்ந்தால் கட்டைகள் விரைவில் மட்கும். வெள்ளை வேர் நோயின் பூசணம் பழைய வேர்களில் தங்கியிருந்து இளங்கன்றைத் தாக்குவது. கொடியின் கீழே அவ்வேர்கள் சீக்கிரம் மட்கிப்போவதால் அந்நோயின் வலுவும் குறைகிறது.

நிரைகளுக்கு இடையே இரண்டு அல்லது மூன்று வரிசையாக, மண்வெட்டி முனையால் ஆழமில்லாத கோடு இழுத்து விதையிட வேண்டும். ஆழம் ஒன்று, ஒன்றரை செண்டிமீட்டர் போதும். விதை கண்ணுக்கு மறைந்தால் சரி. மேட்டு நிலமாயின் கோடு சரிவின் குறுக்கே செல்ல வேண்டும்; மேலிருந்து கீழாக இழுத்தால் முதல் மழையிலேயே விதை பள்ளத்தில் போய்ச் சேரும். கன்று நட்ட இடத்திலிருந்து ஒன்றரை மீட்டருக்குக் குறையாமல் விலகி நிற்றல் நன்று.

நன்கு ஊறிய விதை ஒரு வாரத்திற்குள் முளைக்கும். முதலில் எதிரெதிரே இரண்டு தனி இலைகளும், அதன் பின்னரே மூன்றாய்ப் பிரிந்த இலையும் தோன்றும். இந்த முதல் தோற்றத்தைக் களையெடுப்போர் எல்லோரும் கண்டு பழக வேண்டும். அறியாத கை புல்லோடு சேர்த்துக் கொடிக்கன்றையும் பிடுங்கிவிடும். முதல் ஐந்தாறு வாரங்கள் கொடி ஏறக்குறைய அசையாதது போலவே நிற்கும். 'விதை பொய்த்தது' என்று சலித்துப் பலர் கைவிடுவது இப்போதுதான். அது அப்பொழுது வேர்விடுகிறது. மூன்று வாரங்களில் ஒரு செடியை மெல்லத் தோண்டி, வேரைக் கழுவிப் பாருங்கள். கடுகளவு முடிச்சுகள் தெரியும். ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு நிறம் இருந்தால் அது வேலை செய்கிறது என்று பொருள். வெண்மையோ பச்சையோ ஆயின் நுண்ணுயிர் சரியில்லை.

இரண்டு, மூன்று வாரத்திற்கு ஒரு முறை கையால் களையெடுத்து, நான்கு மாதம் காத்துவிட்டால் ஐந்தாறு மாதத்தில் நிலம் முழுவதும் மூடிவிடும். இந்தக் கையெடுப்புச் சுற்றுகளைக் கூலிச் செலவென்று நினைத்துக் குறைக்கும் நிர்வாகங்கள் உண்டு. அது தவறான சிக்கனம் என்பதே நம் கருத்து. இங்கே விட்ட ஒரு சுற்று, பின்னர் பத்துச் சுற்று மருந்தாகத் திரும்பி வரும்.

மூடிய பின்னர் கன்றைச் சுற்றிய வட்டத்தைத் துப்புரவாக வைத்து, தண்டில் சுற்றும் கொடிகளை அவ்வப்போது இழுத்துவிட வேண்டும். அடர்ந்த கொடியில் பாம்பும் எலியும் தங்கும் என்ற அச்சம் வீண் அச்சமன்று. காலணி இன்றி அதனுள் இறங்கலாகாது. கோலால் தட்டிக்கொண்டு செல்வது நல்லது. நான்காம், ஐந்தாம் ஆண்டில் மரங்களின் தலை கூடி நிழல் கவியும்போது கொடி தானாக மெலிந்து மடியும். அவ்வாறு மடியும் தழை மட்கி, சேர்த்து வைத்த சத்தையெல்லாம் மரம் வெட்டுக்கு வரும் காலத்தில் மண்ணுக்குக் கொடுக்கும்.

அடுத்த நடவுக்கு விதை வேண்டுவோர் தோட்டத்து ஓரத்தில், வேலியின் மீதோ பட்ட மரத்தின் மீதோ ஏறிய கொடிகளை விட்டுவைக்கலாம். தரையில் கிடப்பதைவிட ஏறிய கொடியே நன்றாய்க் காய்க்கும். காய் கறுத்துக் காய்ந்ததும், வெடித்துச் சிதறும் முன் பறித்து, சாக்கில் பரப்பி வெயிலில் உலர்த்தி, அடித்துப் புடைத்து, இறுக மூடும் புட்டியில் ஈரமில்லாமல் வைக்க வேண்டும். எந்தக் கொடி, எந்த மாதம் எடுத்தது என்று ஒரு தாளில் எழுதிப் புட்டிக்குள்ளேயே போட்டு வையுங்கள். வெளியே ஒட்டிய தாளைக் கரப்பான் தின்றுவிடும்.